கறையும் கம்பியும்

ஆவணியில் முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு ஆடியில் பல் டாக்டரிடம் போவது நம் ஊர் வழக்கம். "கல்யாணத்துக்குள்ள பல்லு வெள்ளையாகணும் டாக்டர், வரிசையாவும் வந்துரணும்" என்று அம்மா சொல்வார். பெண் வாயைக் கையால் மறைத்தபடி உட்கார்ந்திருப்பாள். மதுரையில் பழகிய டாக்டராக இருந்தால் முதல் கேள்வியே வேறு மாதிரி வரும்: "எந்த ஊரும்மா? சின்ன வயசுல என்ன தண்ணி குடிச்ச?"

உசிலம்பட்டி, சேடப்பட்டி என்று பதில் வந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். மதுரைக்கு மேற்கே உள்ள அந்த வானம் பார்த்த பூமிக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற ஃபுளோரைடு கலந்த தாதுக்கள் அதில் உண்டு. பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கும் நீர் அந்த ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. போர்க் கிணறு எவ்வளவு ஆழமோ, நீர் பாறையோடு கிடந்த காலமும் பெரும்பாலும் அவ்வளவு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மதுரை மாவட்டத்தின் பல போர்க் கிணறுகள் இந்த அளவைத் தாண்டியவை. வைகை, பெரியாறு போன்ற ஆற்று நீரில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை.

முன்பற்களின் எனாமல், குழந்தை பிறந்த சில மாதங்களில் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் தாடைக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடுகிறது. எனாமலைக் கட்டும் செல்கள் முதலில் ஒரு புரதச் சட்டத்தை அமைத்து, பிறகு அதை அகற்றிவிட்டு அந்த இடத்தைத் தாதுவால் நிரப்புகின்றன. ஃபுளோரைடு மிகுந்தால் புரதம் முழுதாக வெளியேறுவதில்லை. எனாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. முளைக்கும்போது பல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளிறி இருக்கும். அந்தத் துளைகளில் நிறம் ஏறிக் காவியாவதெல்லாம் பிறகுதான். முப்பது வயதில் உசிலம்பட்டிக்குக் குடிபோனவருக்கு இந்தக் கறை வராது. அங்கே பிறந்து, போர் தண்ணீர் குடித்து, ஆறு வயதில் சென்னைக்குப் போய்விட்டவருக்கு வரும். "ஒழுங்கா பல்லு விளக்குறதில்ல" என்று இந்தப் பிள்ளைகள் வாங்கிய வசவு கொஞ்சமா? எந்தப் பிரஷ்ஷும் எந்தப் பேஸ்ட்டும் அதைத் தேய்த்து எடுக்க முடியாது.

காரணம் தெரிய உலகத்துக்கே முப்பது வருடம் பிடித்தது. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போன ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், ஊர்க்காரர்களின் பல்லில் காவிக்கறையைப் பார்த்துத் தேட ஆரம்பித்தார். 1931இல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளரான சர்ச்சில், தண்ணீரில் ஃபுளோரைடைக் கண்டுபிடித்தார். 1937இல் கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இதே ஃபுளோரைடு எலும்பையும் முடக்குவதை எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய முதல் விரிவான பதிவு நம் மாகாணத்தில் பிறந்தது.

கறையோடு வருபவருக்கு என்ன செய்வது? இங்கேதான் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எலும்பு வளரும், ஈறு ஆறும், எனாமல் மட்டும் ஒருமுறை போனால் போனதுதான். அதைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. ஆகவே பல்லைக் குறைவாக அரைக்கும் சிகிச்சையிலிருந்து தொடங்க வேண்டும்.

மேலோட்டமான கறையென்றால் மைக்ரோ அப்ரேஷன்: அமிலமும் நுரைக்கல் தூளும் கலந்த பசையால் எனாமலின் மேல் படலத்தை, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, தேய்த்தெடுப்பது. பிறகு பிளீச்சிங். 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு அமெரிக்கர்கள் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை மெல்லிய அச்சில் விட்டு இரவெல்லாம் பல்லில் மாட்டிக்கொள்ளும் முறையை எழுதினார்கள். இன்றும் அதுதான் அடிப்படை. சில நாள் பல் கூசும், அவ்வளவுதான். வெண்புள்ளிகள் முதல் வாரத்தில் இன்னும் பளிச்சென்று தெரிந்து பயமுறுத்தும். சுற்றியுள்ள பல் வெளுத்ததும் அடங்கும். மிஞ்சிய புள்ளிகளுக்கு, ஜெர்மனியில் உருவான ரெசின் ஊடுருவல் முறை இருக்கிறது. நுண்துளைக்குள் திரவப் பிசின் புகுந்து நிறைந்தால், ஒளி சிதறுவது குறைந்து புள்ளி மங்கிவிடுகிறது.

இதெல்லாம் போதாத ஆழக்கறைக்குத்தான் வெனீர் என்ற பீங்கான் ஓடு. 1920களின் இறுதியில் ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர், படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் நடிகர்களின் பல்மேல் ஒட்டிக் கழற்றும் ஓடு செய்துகொடுத்தார். நிரந்தரமாக ஒட்டும் வழியைத் திறந்தவர் மைக்கேல் புவனோகோர். கப்பலிலும் காரிலும் பெயிண்ட் பிடிக்க உலோகத்தை அமிலத்தால் சொரசொரப்பாக்குவதைப் பார்த்துவிட்டு, 1955இல் அதே வேலையைப் பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலில் செய்தார். இன்று பல்லை வரிசைப்படுத்தும் கிளிப்பில், கம்பியைத் தாங்கும் பிராக்கெட் பல்லில் ஒட்டி நிற்பதும் அவர் புண்ணியம். வெனீருக்காகப் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் எனாமலையாவது சீவ வேண்டியிருக்கும். முன்பல்லின் முகப்பில் இருப்பதே சுமார் ஒரு மில்லிமீட்டர். இருபது வயதில் போட்டால் ஆயுளில் இரண்டு மூன்று முறை மாற்றவும் நேரிடலாம். கறையில்லாத நல்ல பல்லை, வெறும் மஞ்சளுக்காகச் சீவிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

பல்லின் நிறம் பார்க்க டாக்டர் வைத்திருக்கும் சரத்தில் ஏ1 முதல் டி4 வரை பதினாறு பீங்கான் பல் வரிசையாகத் தொங்கும். ஜன்னல் வெளிச்சத்தில், பல்லை ஈரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். காய்ந்த பல் வெளுப்பாகக் காட்டி ஏமாற்றும். இந்தப் பதினாறையும் ஒதுக்கிவிட்டு, அதற்கும் மேலான பாத்ரூம் டைல்ஸ் வெள்ளையைக் கேட்பவர்கள் உண்டு. நம் முகத்தில் அது தனியாகத் துருத்தும்.

இனி வரிசை. கிளிப் போட்டால் பல் எலும்பை உழுதுகொண்டு போவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி தள்ளும் பக்கம் அது நசுங்க, எலும்பைக் கரைக்கும் செல்கள் அங்கே கூடுகின்றன. மறுபக்கம் அது இழுபட, எலும்பு கட்டும் செல்கள் வந்து பள்ளத்தை நிரப்புகின்றன. சுவீடனின் கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904இல் நாய்களிடம் சோதித்து இதைக் காட்டினார். அதிகம் அழுத்தினால் வேகமாக நகராது. நார்ப்படலத்தில் ரத்த ஓட்டம் நின்று வேலையே தடைபடும், வேர் நுனியும் கரையலாம். மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது நல்ல வேகம். ஒன்றரை, இரண்டு வருடம் ஆவது அதனால்தான். ஆடியில் மாட்டி ஆவணியில் கழற்றும் கிளிப் கிடையாது.

அந்த மிதமான, விடாத அழுத்தத்துக்குத்தான் நிக்கல்-டைட்டானியம் கம்பி. 1959 வாக்கில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் கண்டெடுத்த கலவை அது. வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். 1970களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசென் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். வெப்பத்தால் இயங்கும் ரகம் வாயின் சூட்டில் விறைத்து இழுக்கும், குளிர்ந்தால் தளரும். மதுரை விளக்குத்தூண் பக்கம் நின்று ஒரு ஜிகர்தண்டா குடித்தால் அந்தச் சில நிமிடம் பல்லுக்கு ஓய்வு. கிளிப்பின் நிஜ எதிரி கரும்பும் சீடையும்தான். ஒரே கடியில் பிராக்கெட் கழன்று கையோடு வரும்.

"நல்ல பல்லை எதுக்குப் பிடுங்குறாங்க?" இது எல்லா வீட்டிலும் எழும் சண்டை, மருத்துவர்களிடையே அதற்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. நவீன பல்சீரமைப்பின் தந்தை எனப்படும் எட்வர்ட் ஆங்கிள், ஒரு பல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது என்றார். அவர் அழகுக்கு அளவுகோலாக வைத்தது கிரேக்க அப்போலோ சிலையின் முகம். கால்வின் கேஸ் என்ற பல் மருத்துவர், பிடுங்கவே கூடாது என்பதை 1911இல் எதிர்த்தார். கடைசியில் ஆங்கிளின் சீடரான சார்லஸ் ட்வீடே, பிடுங்காமல் சீர்செய்து மறுபடி துருத்திக்கொண்ட தன் நோயாளிகளைத் திரும்ப அழைத்து, நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டுச் செய்து காட்டினார். நம்மூரில் மேல், கீழ் இரு வரிசையுமே முன்தள்ளிய எத்துப்பல் வாய் சகஜம். இடம் பண்ணப் பல் எடுப்பது அதனால் இங்கே அடிக்கடி தேவைப்படுகிறது. ஆனால் எவ்வளவு உள்ளே தள்ளுவது என்பதை அப்போலோவை வைத்து முடிவு செய்யக் கூடாது. மதுரைப் புதுமண்டபத்துச் சிலைகளின் நிறைந்த உதடுகளைப் பார்த்திருந்தால் ஆங்கிளே கொஞ்சம் யோசித்திருப்பார்.

தெத்துப்பல்லை என்ன செய்வது? சிரித்தால் அழகாக இருக்கிறது என்று ஊரே சொல்லும். ஜப்பானில் பத்துப் பதினைந்து வருடம் முன்பு இளம்பெண்கள் காசு கொடுத்துச் செயற்கையாக ஒட்டிக்கொண்டார்கள். இடுக்கில் பிரஷ் போய்ச் சேர்ந்து, ஈறும் கடியும் சரியாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

கம்பி தெரியக் கூடாதென்பவர்களுக்கு 1990களின் இறுதியில் அலைனர் என்ற, கழற்றி மாட்டும் தட்டு வந்தது. ஒவ்வொரு தட்டும் கால் மில்லிமீட்டர் அளவில் நகர்த்தும். நாளுக்கு இருபது மணிநேரத்துக்கு மேல் வாயில் இருக்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்காமல், ஈறைப் பார்க்காமல் தபாலில் தட்டு அனுப்புகிறவர்களிடம் போகாதீர்கள். செலவுதான் தடையென்றால் மதுரை கீழவெளி வீதி சி.எஸ்.ஐ. மாதிரியான பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. பேராசிரியர் மேற்பார்வையில் பட்டமேற்படிப்பு மாணவர்கள் செய்வார்கள். தனியார் கிளினிக்கைவிடப் பொதுவாகச் செலவு குறையும், காத்திருப்பு கூடும்.

கிளிப்பைக் கழற்றிய அன்று சிகிச்சை முடிந்ததென்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்றம். திருப்பி நேராக்கிய நாய்களின் பற்களில், ஈறின் நார்கள் 232 நாள் கழிந்தும் பழைய பக்கமே இழுத்துக்கொண்டிருந்ததை நார்வேயின் ரெய்டன் 1959இல் கண்டார். அதற்காகத்தான் பல்லைப் புது இடத்திலேயே பிடித்து வைக்கும் ரீட்டெய்னர், முதலில் நாள் முழுக்க, பிறகு இரவில் மட்டும், வருடக்கணக்கில். ஹோட்டலில் அதைக் கழற்றி இலையோரம் வைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்ததும் இலையோடு சேர்த்து மடித்துப் போட்டுவிடும் பிள்ளைகளுக்கு, முன்பல்லின் உட்பக்கம் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டிவிடுவது உத்தமம்.