ஊழியர் சொல்லாமல் போகும் காரணம்

புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் பெருநாள் வியாபாரம் முடிந்து ஊருக்குப் போகும் கடை ஊழியர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. தொலைபேசியில் காரணம் மட்டும் வரும். "உம்மாவுக்குச் சுகமில்லை முதலாளி." "வாப்பா ஊரிலேயே கடை போடச் சொல்கிறார்." இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அதே ஆள் எதிர்க்கடையில் துணி அளந்து கொண்டிருப்பார்.

பொய் சொல்லிவிட்டான் என்று கோபப்படுவதில் பயனில்லை. அவர் ஏன் உண்மையைச் சொல்ல வேண்டும்? கடைசி மாதச் சம்பளம் முதலாளியின் கையில். பணிக்கொடையும் அங்கேதான். புதிய இடத்தார் விசாரிக்கப் போவதும் அவரிடமே. போதாததற்கு முதலாளி ஊர்க்காரர், சில வேளை மாமாவின் கூட்டாளி. "வாடிக்கையாளர் முன்னால் ஏசுகிறீர்கள்" என்று அவர் முகத்துக்கு நேரே எந்தப் பொடியன் சொல்வான்? சம்பளம் போதாது என்றுகூடப் பலர் சொல்வதில்லை. சொன்னால் ஆயிரம் ரூபா கூட்டித் தந்து நிறுத்திவிடுவாரோ என்ற பயம்!

வெளிநாடு போவதாகச் சொல்பவர்களை மட்டும் சந்தேகிக்க வேண்டாம். நெருக்கடி மிகுந்த 2022இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழிலுக்காகப் புறப்பட்டார்கள்.

மற்றவர்களின் காரணம் பெரும்பாலும் கடைக்குள்ளேயே இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. இரவு ஒன்பது மணிக்குக் கதவு சாத்தும் கடைகளில் மேலதிக நேரக் கொடுப்பனவு எழுதப்படுகிறதா? ஆறு வருடம் உழைத்தவர் பார்த்துக் கொண்டிருக்க, நேற்று வந்த மருமகன் கெஷியர் மேசையில் அமர்கிறார். சேமலாப நிதிக்கென்று சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படுகிறது. முதலாளியின் 12 வீதத்தோடு அது அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்பட வேண்டும். கட்டப்படவில்லை என்று தெரிந்த அன்றே அந்த ஊழியர் மனதால் விலகிவிடுகிறார்.

உண்மை தெரிய வேண்டுமானால் முதலில் கணக்கை முடித்துக் கொடுங்கள். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் நிறைவு செய்தவருக்கு, அவராகவே விலகினாலும், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக 30 நாட்களுக்குள் சேர வேண்டும். அலைய வைக்காமல் அதைக் கொடுத்துவிட்டு, சில வாரம் கழித்துப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் பேச வேண்டாம், கணக்குப்பிள்ளை பேசட்டும். அவரிடம் ஏச்சு வாங்கியவராக இருந்தால் வேறொருவர்.