இலையும் காகிதமும்

விருத்தாசலம் கோயில் வன்னி மரத்தைப் பற்றி ஓர் ஐதிகம் உண்டு. திருப்பணி செய்த ஆட்களுக்கு விபசித்து முனிவர் அம்மரத்தின் இலைகளையே கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அவை பொற்காசுகளாயினவாம். நாணய சாஸ்திரத்தின் சாரம் இக்கதையில் அடங்கியிருப்பதாகவே நாம் கருதுகிறோம். பின்னே உழைப்பும் சரக்கும் இல்லாவிடில் இலை இலையே; நோட்டும் காகிதமே.

1939-ல் யுத்தம் மூண்டதும் அன்னிய சர்க்கார் செய்ததென்ன? பிரிட்டனுக்காக இங்கே சரக்குகள் வாங்கப்பட்டன. கிரயம் லண்டனில் ஸ்டெர்லிங் கடன் பத்திரமாகக் குவிந்தது. அப்பத்திரத்தை ஆதாரமாகக் காட்டி ரிசர்வ் பாங்கி இங்கே நோட்டு வெளியிட்டது. சரக்குப் போயிற்று, காகிதம் நின்றது! சுமார் 180 கோடி ரூபாயாயிருந்த நோட்டுப் புழக்கம் 1945-ல் 1,000 கோடியைத் தாண்டிவிட்டது. இடையில், 1943-ல், எட்டாத அரிசி விலையால் வங்காளத்தில் மாண்டவர் பல லட்சம்.

நோட்டு மட்டுமே குற்றவாளியன்று. 1973-ல் எண்ணெய் விலை ஏறிற்று. மழையும் முன்பே பொய்த்திருந்தது. 1974-75-ல் மொத்த விலைகள் நூற்றுக்குச் சுமார் 25 உயர்ந்தன.

2016 முதல் விலையேற்றம் நூற்றுக்கு 4, இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்பது சட்டப்படியான இலக்கு. வட்டியை உயர்த்தினால் கடனும் தேவையும் சுருங்கும், மெய்தான்; மழை பெய்யுமா?

சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு விலைப்புள்ளியைப் பார்த்துப் பஞ்சப்படி உயர்கிறது. சூளையில் எரிபொருள் விலை ஏறினால் முதலாளி பொம்மையின் விலையில் வைத்துக்கொள்ளலாம். அப்பொம்மைக்கு உருப்படிக் கணக்கில் வர்ணம் தீட்டும் பெண்ணின் கூலியை எந்தப் புள்ளியைப் பார்த்து உயர்த்துவது? விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் தொழிலாளர் வேலை செய்யும் அன்பர்கள் இக்கேள்வியை முதலில் எழுப்ப வேண்டுகிறோம்.