ஒட்டிக்கொள்ளும் பியானோக் கட்டைகள்

மழைக்காலத்தில் நம் கடலோர நகரங்களில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டையும் தாண்டுவதுண்டு. கொல்கத்தாவிலோ மும்பையிலோ சுவரோரம் நிற்கும் பழைய பியானோ ஒன்றில், அழுத்திய கட்டை மேலெழாமல் தங்கிவிடுவது அப்போது தான். இக்குறை ஒன்றையே காரணமாக்கி, நல்ல கருவியைப் பழைய சாமான் கடைக்குத் தள்ளிவிடுவோரும் உளர்.

வேறு சிலர் எண்ணெய்ப் புட்டியைத் தேடுவர். அது கூடவே கூடாது. பியானோவின் அசையும் உறுப்புகள் பெரும்பாலும் மரமும் கம்பளியும் ஆனவை. தையல் இயந்திரத்துக்கு உகந்த எண்ணெய் இவற்றை ஊறிப் பருக்கச் செய்யும், தூசியையும் சேர்த்துக்கொள்ளும். பிறகு கம்பளியையே மாற்ற நேரிடும்.

குறை சுத்தியில் உள்ளதா, கட்டையில் உள்ளதா என்பதே முதற் கேள்வி. முன்புற மேற்பலகையைக் கழற்றினால் சுத்திகள் வரிசையாக நிற்கக் காணலாம். உரிய சுத்தியை விரலால் மெல்லத் தந்தியின் பக்கம் தள்ளி விடுங்கள். அது சோம்பித் திரும்பினால், அதன் கீல் ஊசியைச் சூழ்ந்த கம்பளி இறுகியிருத்தல் கூடும். அது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. சட்டென்று திரும்பினாலோ, கட்டையையே ஆராய வேண்டும்.

கிணற்றேற்றத்தின் துலாவைப் போல ஒவ்வொரு கட்டையும் நடுவே ஓர் ஆணியின்மேல் ஆடுகிறது. முன்முனையின் அடியிலுள்ள மற்றோர் ஆணி, அது பக்கவாட்டில் விலகாதபடி காக்கிறது. ஆணி நுழையும் துளையின் சுவர்களில் மெல்லிய கம்பளி ஒட்டியிருக்கும். முன்முனையைப் பிடித்து இடவலமாக அசைத்தால் இம்மியளவேனும் இடம் கொடுக்க வேண்டும். கொடாவிடில் கம்பளி பருத்து ஆணியை நெரிக்கிறது என்று கொள்ளலாம். இதற்கென்றே உள்ள குறடால் அதைச் சிறிதே அழுத்தி, மீண்டும் சோதித்து, தேவையாயின் இன்னும் சிறிது அழுத்துவார்கள். மிகுதியாக அழுத்தினால் கட்டை கடகடக்கத் தொடங்கும்.

இத்தனைக்கும் முன்னரே, இரு கட்டைகளுக்கிடையே நாணயமோ பென்சில் துண்டோ விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நலம். குழந்தைகள் உள்ள வீட்டில் இது புதிதன்று! கட்டைகளுக்கு முன்னுள்ள மரச்சட்டம் உப்பி உராய்வதும் உண்டு. அதைச் சற்றே வெளியே இழுத்ததும் கட்டை எழுமாயின், சட்டத்தின் பின்னே, திருகாணியருகில், மெல்லிய அட்டைத் துண்டொன்று செருகினால் போதும்.

சில கருவிகளில் கனத்துக்காகக் கட்டையினுள் ஈயக்குண்டுகள் பதித்திருப்பர். ஈரத்தால் அவை வெண்பொடி பூத்துப் பருத்து, மரத்தைப் பிளந்து பக்கத்துக் கட்டையில் உராயும். அப்பொடி நஞ்சு. வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

மழை ஓய்ந்ததும் தாமே இளகிவிடும் கட்டைகளும் உண்டு. அதற்காகப் பியானோவை வெயிலில் நிறுத்தி உலர்த்தலாகாது. கட்டை இளகும் முன்னே ஒலிப்பலகை வெடித்துவிடக்கூடும்.