ஆளுக்கு ஒரு வெள்ளி: மலாயாப் பல்கலைக்கழகமும் தோட்டத் தமிழரும்

நெகிரி செம்பிலானில், ரந்தாவை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் லயத்தில் ‘யுனிவர்சிட்டி’ என்றால் ஒன்றே ஒன்றுதான். அது கோலாலம்பூரில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகம். எனக்கு அங்கே இடம் கிடைத்த செய்தி வந்த அன்று தாத்தா, “அதுக்கு நானும் ஒரு வெள்ளி குடுத்திருக்கேன்” என்றார். பேரன் மீதுள்ள பெருமையில் ஏதோ சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். இந்திய ஆய்வியல் துறை உருவான வரலாற்றைப் படித்த பிறகுதான் அவர் பேச்சின் பொருள் விளங்கியது.

நாட்டின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று இதைச் சொல்கிறோம். அதன் வேர் கோலாலம்பூரில் இல்லை, சிங்கப்பூரில் இருக்கிறது. 1905இல் அங்கே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னாளில் அது ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. கலையும் அறிவியலும் கற்பிக்க ராஃபிள்ஸ் கல்லூரி வந்தது. இவ்விரண்டும் இணைந்து 1949 அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. 1959இல் அது சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு பிரிவுகளாகி, 1962 ஜனவரி முதல் நாள் இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. பெயர் கோலாலம்பூருக்கு வந்தது. துங்கு அப்துல் ரஹ்மான் அதன் முதல் வேந்தரானார்.

இந்த வரலாற்றில் தமிழ் எங்கே நுழைந்தது? இந்தியவியலுக்கு ஒரு துறை வேண்டும் என்ற பேச்சு 1950களின் தொடக்கத்தில் எழுந்தது. துறை வரட்டும், அதில் முதன்மை மொழி எது என்பதில்தான் சிக்கல். ஆலோசனை கூற அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்தைப் பரிந்துரைத்தார். ஆய்வுலகின் பார்வையில் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியர்களில் மிகப் பெரும்பான்மையோர் தமிழர். பால்மரம் வெட்டியவர்களும் தண்டவாளம் போட்டவர்களும் பேசிய மொழிக்கு இடமில்லாத இந்தியவியல் யாருக்காக என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி. கேட்டதோடு நிற்காமல், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டி, பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர்க்க வழி செய்தார். செல்வர்களை மட்டும் நம்பி எழுந்த இயக்கமன்று அது. ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே அதன் வேண்டுகோள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வாளி சுமந்து வாழ்ந்த குடும்பத்திற்கு அன்று ஒரு வெள்ளி சில்லறைக் காசன்று. கொடுத்தவர்களில் பலர் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. தங்கள் பிள்ளைகள் அங்கே போவார்கள் என்று உறுதியாக நம்பவும் அவர்களுக்குக் காரணம் ஏதுமில்லை. இருந்தும் கொடுத்தார்கள்.

இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கியது, தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது. 1959இல் துறை கோலாலம்பூருக்கு இடம் மாறியது. 1961 முதல் 1969 வரை அங்கே பணியாற்றித் துறையை உலகறியச் செய்தவர் தனிநாயகம் அடிகள். 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. சென்னைக்கு அந்த மாநாடு 1968இல்தான் போயிற்று என்பதை நாம் கொஞ்சம் உரக்கவே சொல்லிக்கொள்ளலாம்.

அமைப்பைப் பொறுத்தவரை புதியவர்களுக்கு ஒரு சொல். வேந்தர் பதவி மரியாதைக்குரியது. அன்றாட நிர்வாகம் துணைவேந்தர் கையில் இருக்கிறது. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவற்றைச் செனட் முடிவு செய்யும். அதன் கீழே புலங்கள், புலங்களுக்குள் துறைகள். இந்திய ஆய்வியல் துறை கலை, சமூக அறிவியல் புலத்தைச் சேர்ந்தது. தமிழ் மொழியியலோ மொழி, மொழியியல் புலத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றென எண்ணி விண்ணப்பத்தில் குழம்புவோர் உண்டு.

தோட்டத்திலிருந்து அந்த வளாகத்திற்கு வரும் வழியைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பாதிதான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். சட்டம் பள்ளியைக் கேட்டதே தவிர நல்ல பள்ளியைக் கேட்கவில்லை. ஒரே கொட்டகையில் எல்லா வகுப்புகளும் நடக்கும். கிராணியோ கங்காணியோ ஆசிரியராக நின்ற தோட்டங்களும் உண்டு. தமிழ்ப்பள்ளியோடு படிப்பு முடிந்து, மறுநாளே அம்மாவுக்குத் துணையாக நிரைக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். மேலே படிக்க விரும்பியவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்துத்தான் இடைநிலைப்பள்ளிக்குள் நுழைய முடிந்தது. அதன்பின் சிரம்பானுக்குப் பேருந்து, ஆறாம் படிவம், எஸ்.டி.பி.எம். ஒவ்வொரு படியிலும் சிலர் இறங்கிப் போனார்கள். 1970களில் பல்கலைக்கழக நுழைவுக்கு இன ஒதுக்கீடு வந்தபோது படி இன்னும் உயர்ந்தது. 2002இல் தகுதி அடிப்படை என்றார்கள். ஆனால் மெட்ரிகுலேஷனும் எஸ்.டி.பி.எம். தேர்வும் ஒரே தராசில் எப்படி நிற்கும் என்ற வாதம் அதோடு ஓயவில்லை.

நெகிரி செம்பிலானில் 60க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பெரும்பாலானவை தோட்டத்தில் பிறந்தவை. செண்டாயான் பக்கம் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இப்போது வரிசை வீடுகள் நிற்கின்றன. நீலாயில் பல்கலைக்கழகங்களே வந்துவிட்டன. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் அங்கே படிக்கிறார்கள், சிலர் காவலுக்கு நிற்கிறார்கள்.

மலாயாப் பல்கலைக்கழக வளாகத்தில் ‘ரிம்பா இல்மு’ என்ற தாவரப் பூங்கா இருக்கிறது. 1974இல் அமைக்கப்பட்ட அந்த இடம் முன்பு ரப்பர் தோட்டம். முதலாண்டு விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது இதைத் தாத்தாவிடம் சொன்னேன். ஒரு வெள்ளியைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. “மரமெல்லாம் வெட்டுற பக்குவத்துல இருக்குதா?” என்று மட்டும் கேட்டார்.