தபாலட்டைப் படமும் டிஜிற்றல் கமராவும்

ஆண்டிறுதியில் ஆசிரியரும் மாணவரும் கூடியிருந்து எடுக்கும் வகுப்புப் படம், பெரும்பாலும் ஆறங்குல நீளமும் நாலங்குல அகலமுமுடைய தபாலட்டையளவில் அச்சாகிப் பல இல்லங்களைச் சென்றடைகின்றது. அவ்வாறு வந்த படத்திலே, கடைவரிசையில் நின்றவரின் தலையுச்சியோ முன்வரிசையில் இருந்தவரின் பாதங்களோ வெட்டுண்டிருக்கக் காண்பதுண்டு. கமராவின் திரையில் முழுமையாகத் தோன்றிய படம் தாளிற் குறைவுபடுவது ஏன்?

காரணம் விகிதவேறுபாடே. சிறிய டிஜிற்றல் கமராக்களிற் பெரும்பாலானவை 4:3 என்னும் விகிதத்திற் படம் பதிவன. பழைய கணினித் திரைகளும் அவ்விகிதத்தனவே. தபாலட்டைத் தாளின் விகிதமோ 3:2 ஆகும். இது, 1925 இல் வெளிவந்த லைக்கா கமராவாற் பெரிதும் பரவிய 36 × 24 மில்லிமீற்றர் படச்சுருட் சட்டத்தின் விகிதம். 4:3 படத்தால் இத்தாளை முற்றும் நிரப்பின், படத்தின் உயரத்தில் ஒன்பதிலொரு பங்கு இழக்கப்படும். கைத்தொலைபேசிப் படங்களுள்ளும் 4:3 விகிதத்தன பல. அவற்றுக்கும் இஃது ஒக்கும்.

இனி, கமராவை அமைக்குமாற்றை நோக்குவாம்.

முதலாவது, விகிதம். பட்டியலில் 3:2 என்னும் தெரிவு இருப்பின் அதனைக் கொள்க. அப்போது திரையிற் காண்பதே தாளிலும் ஏறத்தாழ வரும். அத்தெரிவு இல்லையாயின், மேலுங் கீழும் சிறிது வெற்றிடம் விட்டுப் படமெடுத்தல் வேண்டும். ஓரமின்றி அச்சிடும் பொறிகள் படத்தைச் சற்றே பெருப்பித்து விளிம்பை இழப்பனவாதலின், 3:2 இலும் ஓரளவு இடம்விடுதல் நன்று.

இரண்டாவது, அளவு. அங்குலத்திற்கு 300 புள்ளிகள் எனக் கொண்டால், தபாலட்டைக்கு 1800 × 1200, அதாவது ஏறக்குறைய 22 இலட்சம் புள்ளிகள் போதும். 1600 × 1200 அளவுப் படமும், வெட்டியபின் அங்குலத்திற்கு 267 புள்ளிகள் தருமாதலின், தெளிவாகவே அமையும். 640 × 480 அளவோ அங்குலத்திற்கு 107 புள்ளிகளே தரும், முகங்கள் தெளிவிழக்கும். எனினும், பின்னர் பெரிதாக அச்சிடும் தேவை நேரலாமாகையால், நினைவட்டையில் இடமிருக்குமாயின் பேரளவையே தெரிக.

மூன்றாவது, தரம். ஜேபெக் சுருக்கத்தில் உயர்தரத்தையே தெரிதல் வேண்டும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. எண் 100 போதும். எண் உயர உயரப் படத்திற் புள்ளிக்கறைகள் மிகும்.

நான்காவது, திகதி. படத்தின் மீதே பொறிக்கப்பட்ட திகதி பின்னர் எளிதில் நீங்காது. மூலையிலிருப்பதால் வெட்டுண்டு பாதியாய் நிற்றலுங் கூடும். அதனைத் தாளின் பின்புறத்தில் எழுதுதலே தக்கது.

முன்னரே 4:3 இல் எடுத்தாயிற்றெனின், அச்சகத்தாரிடம் வெட்டாது அச்சிடுமாறு கேட்கலாம். இருபக்கமும் அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு வெள்ளையாக விடப்படும். ஆயினும் ஒருவர் தலையும் குறையாது.

வகுப்புக் கலைந்தபின் அதே நாற்பதின்மரை மீண்டும் ஒருங்கு நிறுத்துதல் அரிது. ஆதலின், படமெடுக்குமுன் இவற்றைச் சரிபார்க்கச் செலவாகும் இரு நிமிடம் வீணன்று.