மடிப்பு தாங்கும் கூரை: திண்டுக்கல் சமவெளிக்கு ஏற்ற கோணம் எது?

தட்டையான தகடு ஒன்றை நேர்கோட்டில் மடித்து, அம்மடிப்புகளின் கோணத்தைக் கொண்டே சுவரையும் கூரையையும் தளத்தையும் உருவாக்குவது கட்டடக் கலையில் மடிப்பு வடிவமைப்பு எனப்படுகிறது. வழக்கமான கட்டடத்தில் தூணும் உத்தரமும் முதலில் எழும்ப, அவற்றின்மேல் கூரை ஏற்றப்பட்டு, பிறகு சுவர்களால் அறைகள் பிரிக்கப்படுகின்றன. மடிப்பு முறையிலோ சுமையைத் தாங்கும் உறுப்பும் மனிதர் புழங்கும் இடத்தின் எல்லையும் ஒரே தகடாகிவிடுவதால், ஒரு கோணத்தைச் சிறிது மாற்றினாலும் கட்டடத்தின் வலிமை, உள்ளே விழும் வெளிச்சம், மழைநீர் ஓடும் வழி, பேச்சொலி பரவும் விதம் ஆகிய நான்கும் ஒருசேர மாறுகின்றன. சித்திரை வெயிலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் மாறி மாறி ஆளும் திண்டுக்கல் சமவெளியில் எந்தக் கோணத்தில் மடிப்பது என்ற கேள்விக்குக் குளிர்நாட்டுப் பாடநூல்கள் தரும் விடை அப்படியே பொருந்துவதில்லை.

இம்முறையின் இயல்பைப் புரிந்துகொள்ள, வேடசந்தூர், நிலக்கோட்டை வட்டாரங்களில் வரப்பு ஓரமாக நிற்கும் பனையைப் பார்ப்பதே நல்ல தொடக்கம். குருத்திலேயே மடிந்து உருவாகி, விரிந்த பிறகும் மடிப்பை இழக்காத பனையோலை, கையால் கிழித்துவிடக்கூடிய மெல்லிய பொருளாக இருந்தும் ஆடிக் காற்றில் தொய்ந்து விழாமல் நிமிர்ந்து நிற்பதற்கு, காம்பிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் மேடும் பள்ளமுமான அம்மடிப்புகளே காரணம். பதநீர் குடிக்க அதே ஓலையை மடித்துச் செய்யப்படும் பட்டையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஓலையை விரித்துக் குழிவாக்கி, இரு முனைகளையும் குவித்துக் கட்டிய பிறகுதான் அது நீரைத் தாங்கும் கலமாகிறது. கட்டு அவிழ்ந்தால் மடிப்பு விரிந்து பதநீர் தரையில் கொட்டிவிடும்.

இவ்விரண்டு பாடங்களையும் ஒரு நாளிதழ்த் தாளைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். தாளை இரண்டு செங்கற்களுக்கு நடுவே பாலம்போல் வைத்தால் தன் எடையைக்கூடத் தாங்காமல் நடுவில் தொங்கிவிடும். அதையே இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒன்றாக முன்னும் பின்னும் மடித்து வைத்தால் விறைத்து நிற்பதோடு, மேலே சிறு சுமையையும் ஏற்றுக்கொள்ளும். சுமையைக் கூட்டிக்கொண்டே போனால் தாள் கிழிவதற்கு முன்பே மடிப்புகள் பக்கவாட்டில் அகன்று பரவித் தட்டையாகிவிடும். இரு முனைகளிலும் ஓர் அட்டைத் துண்டை ஒட்டி மடிப்புகளை அகலவிடாமல் பிடித்தால் அதே தாள் மேலும் சுமக்கும். பொறியாளர்கள் மடிப்புக் கூரையின் இரு முனைகளிலும் குறுக்குச் சுவர் அல்லது இழுவிசைக் கம்பி வைப்பது இதற்காகவே.

கணக்காகச் சொன்னால், தளம் எவ்வளவு வளையாமல் நிற்கிறது என்பதைக் குறிக்கும் விறைப்பு, அதன் பொருள் எவ்வளவு மேலும் கீழுமாக விலகி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 100 மி.மீ. தடிமனுள்ள தட்டையான கான்கிரீட் தளத்தை, அதே தடிமனில் 1 மீட்டர் உயரமுள்ள 45 பாகை மடிப்புகளாக அமைத்தால், கான்கிரீட்டின் அளவு ஒன்றரை மடங்கைக்கூட எட்டாது. விறைப்போ நூறு மடங்கைத் தாண்டும். நடுவில் தூணில்லாத பெரிய கூடம் வேண்டுமானால் பொருளைத் தடிக்க வைப்பதைவிட மடிப்பது மேல் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது.

இக்கருத்து கட்டடத்துக்குள் நுழைந்தது தொழிற்சாலை வழியாகத்தான். ஜெர்மனியில் ஏலர்ஸ் என்ற பொறியாளர் 1920களில் பெரிய நிலக்கரித் தொட்டிகளின் சாய்ந்த சுவர்களுக்கு இதைப் பயன்படுத்தி, 1930இல் அதன் கணக்கீட்டு முறையை வெளியிட்டார். சிமெண்டும் இரும்பும் அரிதாகவும் உழைப்பு மலிவாகவும் இருந்த விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவுக்கு, குறைந்த பொருளில் அகன்ற கூரை தரும் இம்முறை மிகவும் பொருந்தியது. ஓடு போல் வளைந்த மெல்லிய (ஷெல்) கூரைகளுக்கும் மடிப்புத் தகடுகளுக்கும் சேர்த்து ஐ.எஸ். 2210 என்ற விதித்தொகுப்பு 1962இலேயே வெளிவந்து, 1988இல் திருத்தப்பட்டது. இன்று சென்னைத் தரமணியில் இயங்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்த ஜி.எஸ். ராமசாமி, மெல்லிய கான்கிரீட் கூரைகளைப் பற்றி 1968இல் எழுதிய நூல் பல நாட்டுப் பொறியாளர்களுக்கும் பாடநூலாயிற்று.

கட்டடக் கலைஞர்கள் இதை எடுத்துக்கொண்ட விதத்துக்கு இந்தியாவில் இரண்டு கட்டடங்கள் தலைசிறந்த சான்றுகள். இரண்டிலும் கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜ். டில்லித் தொழில் கண்காட்சிக்காக 1961இல் சார்லஸ் கொரியா வடிவமைத்த இந்துஸ்தான் லீவர் அரங்கு, கசக்கிய பெட்டி ஒன்றைப் போன்ற ஒழுங்கற்ற மடிப்புகளால் ஆனது. கம்பி வலையின்மேல் சிமெண்ட் கலவையைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சி எழுப்பிய அந்தத் தகடுகளுக்கு நடுவே சாய்தளப் பாதைகள் ஏறி இறங்கிச் செல்ல, கூரையில் நீட்டிய புகைபோக்கி போன்ற அமைப்புகள் வெப்பக் காற்றை வெளியேற்றின. நடப்பவர் திரும்பும் ஒவ்வொரு திருப்பத்திலும் கூரை தாழ்ந்தும் உயர்ந்தும் வந்ததால், அறை என்று எதுவும் பிரிக்கப்படாமலே இடம் பலவாயிற்று. கண்காட்சிக்காக எழுந்த கட்டடமாதலால் அது இன்று படங்களில்தான் இருக்கிறது. அகமதாபாத்தில் சபர்மதிக் கரையில் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த தாகூர் நினைவு அரங்கு இன்றும் நிற்கிறது. அதன் வெளிச்சுவரும் கூரையும் ஒரே கான்கிரீட் மடிப்பாகத் தரையிலிருந்து எழுந்து, மேலே திரும்பி, மறுபக்கம் இறங்குகின்றன. இடையில் தூண் கிடையாது.

அரங்குகளில் மடிப்புக்கு மற்றொரு வேலையும் உண்டு. எதிரெதிரே இணையாக நிற்கும் மொழுமொழுவென்ற இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி திரும்பத் திரும்ப மோதி எதிரொலிப்பதால்தான் நம் கல்யாண மண்டபங்கள் பலவற்றில் ஒலிபெருக்கியில் பேசுவது கூட்டத்துக்குப் புரிவதில்லை. சுவரை மடித்தால் ஒலி பல திசைகளில் சிதறி இவ்விரைச்சல் குறையும். பாரிசில் 1958இல் திறக்கப்பட்ட யுனெஸ்கோ தலைமையகத்தின் மாநாட்டு மண்டபத்துக்கு மடிந்த கான்கிரீட் சுவரும் கூரையும் அமைத்த பொறியாளர் நெர்வி முதலானோர், வலிமை, அழகு ஆகியவற்றோடு இப்பயனையும் சேர்த்தே பெற்றார்கள்.

மடிப்பு வகுப்பறைக்குள்ளும் நுழைந்தது. ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் 1920களில் யோசப் ஆல்பர்ஸ் மாணவர்களுக்குத் தாளை மட்டும் கொடுத்து, வீணாக்காமல் மடித்து ஏதேனும் செய்யச் சொன்ன பயிற்சி, இன்றும் கட்டடக் கலைக் கல்லூரிகளில் பல வடிவங்களில் தொடர்கிறது. பிரெஞ்சுத் தத்துவவாதி தெலூஸ் மடிப்பைப் பற்றி 1988இல் எழுதிய நூலும், அதைத் தொடர்ந்து 1990களில் கட்டடக் கலைஞர் கிரெக் லின் போன்றோர் நடத்திய விவாதங்களும் தளத்தையும் கூரையையும் ஒரே தொடர்பரப்பாக எண்ணத் தூண்டின. 2002இல் திறக்கப்பட்ட ஜப்பானின் யோகஹாமா கப்பல் முனையத்தில் பயணிகள் நடக்கும் தரையே மடிந்து சாய்தளமாகவும் கூரையாகவும் மாறுகிறது. அவ்விவாதங்களில் பெரும்பகுதி சொற்சிலம்பமாக முடிந்தது என்றே கூறவேண்டும். அதைவிட, சுவிட்சர்லாந்தில் 2008இல் மரப்பலகைகளை மடிப்புகளாக இணைத்துக் கட்டப்பட்ட சான் லூ சிற்றாலயம் பயனுள்ள முன்மாதிரி.

திண்டுக்கல்லுக்கு மடிப்பு புதிதன்று. இரும்புப் பெட்டிக்கும் பூட்டுக்கும் பெயர்பெற்ற இவ்வூரில் தகட்டின் விளிம்பை மடக்கினால் அது விறைக்கும் என்பது பட்டறைத் தொழிலாளர் அனைவரும் கையால் அறிந்த உண்மை. மொட்டைமாடிகளில் இப்போது பரவலாகப் போடப்படும் வண்ணத் தகர ஷீட்டும் அதே தத்துவம்தான். 1829இல் லண்டனில் ஹென்றி பால்மர் காப்புரிமை பெற்ற நெளிதகட்டின் வாரிசு அது. ஆனால் அந்த மடிப்பு தன்னைத் தாங்கிக்கொள்ள மட்டுமே உதவுகிறது. கீழே இருப்பவருக்கு வெளிச்சத்தையோ காற்றையோ தருவதில்லை.

இடத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்துத் தரும் மடிப்பு, பழைய நூற்பாலைகளில் காணப்படும் ரம்பப்பல் கூரை. ஒரு பக்கம் நீண்ட சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவோ சற்றுச் சாய்ந்தோ நிற்கும் கண்ணாடியாகவும் அடுத்தடுத்து வரும் இக்கூரை, பிரிட்டனின் லங்காஷயர் நெசவாலைகளின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. நூல் அறுந்ததைக் கண்டுபிடிக்க நிழலில்லாத சீரான ஒளி வேண்டும். வெயில் நேரடியாக விழுந்தால் கண் கூசும், கூடம் கொதிக்கும். அவ்வட்டாரத்தின் மான்செஸ்டர் நகரம் நிலநடுக்கோட்டிலிருந்து 53 பாகைக்கும் மேல் வடக்கே இருப்பதால் அங்கு நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானிலேயே நிற்கும். ஆகவே கண்ணாடியை வடக்கு நோக்கி வைத்துவிட்டால், அதைச் சற்றுச் சாய்த்து அதிக வானத்தைக் காட்டினாலும் நண்பகல் வெயில் உள்ளே வராது.

திண்டுக்கல் சுமார் 10.4 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நேர் உச்சிக்கு வரும் சூரியன் அதன்பின் வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் மறுபடியும் உச்சிக்குத் திரும்புகிறது. ஆக, ஆண்டில் நான்கு மாதங்களுக்கும் மேலாக நண்பகல் வெயில் வடக்குக் கண்ணாடி வழியாகவே இறங்கும். அதுவும் அக்னி நட்சத்திரக் காலம் அதற்குள்தான் அடங்குகிறது. லங்காஷயர்ச் சாய்வை அப்படியே நகலெடுத்த கூரை, குளிர்ச்சி வேண்டிய மாதங்களிலேயே வெப்பத்தை வரவழைக்கும்.

இதைச் சரிசெய்யும் வழியும் கோணத்திலேயே இருக்கிறது. ஜூன் 21 அன்று, அதாவது சூரியன் மிக வடக்கே இருக்கும் நாளில், திண்டுக்கல்லின் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 13 பாகைதான் வடக்கே சாய்ந்திருக்கும். கண்ணாடியை முழுச் செங்குத்தாக நிறுத்தி, கூரையின் மேல்விளிம்பை ஒவ்வொரு மீட்டர் கண்ணாடி உயரத்துக்கும் சுமார் 23 செ.மீ. வீதம் வெளியே நீட்டிவிட்டால் அந்த வெயில் முழுவதும் தடுக்கப்படும். காலையும் மாலையும் வடகிழக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் தாழ்ந்து வரும் கதிர்களுக்கு, கண்ணாடிக்குக் குறுக்கே இடையிடையே நிற்கும் செங்குத்துத் தடுப்புகள் வேண்டும். மடிப்பின் உச்சியில் திறப்பு வைத்தால் மேலெழும் வெப்பக் காற்று அங்கேயே வெளியேறும். தெற்குப் பக்கச் சரிவு ஏறக்குறைய எட்டு மாதம் வெயிலை வாங்குவதால் அதன்மேல் வெள்ளை பூசுவதும், வெப்பத் தடுப்பு சேர்ப்பதும், இக்காலத்தில் சூரிய ஒளித் தகடு பதிப்பதும் முறையே.

மழையைப் பொறுத்தவரை, மடிப்புக் கூரைகள் ஒழுகும் என்ற குறை உண்மைதான். காரணம் மடிப்பில் இல்லை, பள்ளத்தில் இருக்கிறது. 500 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 25,000 லிட்டர் நீர் இரு சரிவுகள் கூடும் பள்ளங்களில் வந்து சேரும். பள்ளம் நெடுக்கில் சமமாக இருந்தால், அல்லது வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டால், அந்த நீர் தேங்கிக் கசிவாகவும் சுமையாகவும் மாறும். பள்ளத்துக்கே நெடுக்கில் சரிவு கொடுத்து, முனையில் அகன்ற வாய் வைத்துத் தொட்டிக்குக் கொண்டுபோனால், மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட தமிழ்நாட்டில், அதிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இச்சமவெளியில், அதே பள்ளம் கட்டடத்தின் பெரிய வரவாகிவிடும்.

இவ்வளவு நன்மை இருந்தும் இம்முறை அருகியதற்குச் செலவின் கணக்கு தலைகீழானதே காரணம். சாய்ந்த தகடுகளுக்குச் சென்ட்ரிங் பலகை அடிப்பது கடினம். 45 பாகையை நெருங்கினால் ஈரக் கான்கிரீட் வழிந்துவிடும் என்பதால் மேலும் கீழும் பலகை வேண்டும். உழைப்புக்கு விலை ஏறி, தகர ஷீட்டும் இரும்புச் சட்டமும் எளிதில் கிடைக்கத் தொடங்கியதும், பொருளைச் சேமித்து உழைப்பைச் செலவிடும் கூரைக்கு ஆதரவு குறைந்தது. எனினும் மடிப்பு கான்கிரீட்டையே நம்பி வாழவில்லை. கணினியில் வரைந்து, எந்திரத்தில் மடக்கிய எஃகுத் தகடுகளைக் கொண்டு வந்து பொருத்தினால் சென்ட்ரிங் தேவையே இராது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, நிலக்கோட்டைப் பூச்சந்தை போன்று பகலெல்லாம் கூட்டம் நிற்கும் இடங்களின் கூரைக்கு இவ்வழி முயன்று பார்க்கத் தக்கது.

மகேந்திர ராஜ் பொறியாளராகப் பணியாற்றிய டில்லியின் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கண்காட்சி மண்டபம் 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஊர்ப்புறத்து ரம்பப்பல் கூரை ஒன்று பிரிக்கப்பட்டு அந்த இடத்தில் தட்டையான ஷீட் கொட்டகை எழும்போது யாரும் கேட்பதில்லை. ஆலை உரிமையாளர்கள் பழைய கூரையைப் பிரிக்குமுன், கட்டடக் கலை, பொறியியல் மாணவர்களை அழைத்து, கண்ணாடியின் சாய்வு, சரிவின் நீளம், பள்ளத்தின் வாட்டம், விளிம்பின் நீட்டம் ஆகிய அளவுகளை எடுத்து வரைந்துவைக்க இடம்தர வேண்டும். அதற்கு ஒரு டேப்பும் ஒரு கோணமானியும் போதும்.