நாலுகால் சொந்தம் – 14: தீபாவளிக்கு அசையாத நாய்

ராஜபாளையம் வட்டாரத்தில் நாய்க்குட்டி விலை பேசும் இடத்தில் சற்று நேரம் நின்றால் இப்படி ஒரு பெருமையைக் கேட்கலாம்: "தாய் நாயைப் பாருங்க அண்ணாச்சி. தீபாவளிக்குப் பக்கத்துல ஆயிரம்வாலா வெடிச்சாலும் தலையைத் தூக்காது." பட்டாசு ஊர்க்காரர்களுக்கு இது சாதாரணத் தகுதி இல்லை. மற்ற வீட்டு நாய்கள் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்கையில், முற்றத்தில் கால் நீட்டிப் படுத்துக் கிடக்கும் பால்வெள்ளை நாய் என்றால் சும்மாவா? வாங்க வந்தவர் முன்பணத்தை எடுத்து நீட்டிவிடுவார். "அதுக்குக் காது கேக்குமா அண்ணாச்சி?" என்று திருப்பிக் கேட்பவர் அபூர்வம்.

கேட்டாக வேண்டும். ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு என்பது வளர்ப்பவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். விலை பேசும்போது மட்டும் மறந்துபோகும். காரணம் அந்தப் பால்வெள்ளைதான். காதுக்கும் தோல் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். கரு வளரும்போது நிறமிச் செல்கள் முதுகுத் தண்டுப் பக்கமிருந்து கிளம்பி உடம்பெங்கும் பரவுகின்றன. அதில் ஒரு பகுதி உட்காதுக்குள்ளும் போய்ச் சேர வேண்டும். ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்களைச் சூழ்ந்திருக்கும் திரவத்தைப் பக்குவமாக வைத்திருப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. அவை போய்ச் சேராத காதில், குட்டி பிறந்த மூன்று நான்கு வாரத்துக்குள் அந்த இடத்தின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, நுண்மயிர்ச் செல்கள் செத்துவிடுகின்றன. அதற்குப் பிறகு சொட்டு மருந்து, எண்ணெய், மந்திரம் எதற்கும் அந்தக் காது திறக்காது.

வெள்ளையாக இருப்பதாலேயே இந்த நாயை அல்பினோ என்று சொல்லிவிடுகிறார்கள். அல்பினோவுக்கு நிறமிச் செல் இருக்கும், நிறம்தான் உண்டாகாது; அதனால் காது தப்பிவிடும். ராஜபாளையம் நாயின் மூக்கு இளஞ்சிவப்பு என்றாலும் கண் பொன்பழுப்பு. முழு அல்பினோ அது இல்லை.

இதே சங்கடம் வெளிநாட்டில் டால்மேஷியனுக்கு உண்டு. அமெரிக்க டால்மேஷியன்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்காது என்று சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஒரு வேடிக்கை. பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு வரும் டால்மேஷியன் குட்டிகளில் செவிடு குறைவு. ஆனால் கண்காட்சி விதிப்படி திட்டு உள்ள குட்டிக்குப் பரிசு கிடையாது, ஆகவே அவற்றை ஒதுக்கினார்கள். நம்மூரிலும் நடந்தது அதேதான். செம்பழுப்புத் திட்டோ கறுப்பு மூக்கோ தெரிந்தால் 'கலப்பு' என்று தள்ளுவது. இரண்டு பால்வெள்ளைகளையே மறுபடி மறுபடி இணை சேர்ப்பது. காது கேட்கக்கூடிய குட்டியைத் தேடித் தேடிக் கழித்தோமோ என்னவோ.

சோதிப்பது எளிது. குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆகியிருக்க வேண்டும். உடன்பிறந்த குட்டிகளிடமிருந்து பிரித்துத் தனியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும். அது அசந்து தூங்கும்போது பின்பக்கம் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கலாம், எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டலாம். தரை அதிரக் கூடாது, கை தட்டும் காற்று மேலே படக் கூடாது. செவிட்டுக் குட்டி அந்த அதிர்வை வைத்தே உங்களை ஏமாற்றிவிடும். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி விழித்துக்கொள்ளும், ஆனால் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தலையைச் சுழற்றும். சில குட்டிகள் அதையும் சமாளித்துவிடும். மூளையின் மின் அலையை அளக்கும் சோதனையில்தான் பிடிபடும். ஒற்றைக் காதோடு நாய் சுகமாக வாழலாம். இணை சேர்க்கத்தான் விடக் கூடாது.

ஆயுளைப் பற்றி எழுத வந்தவன் காதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் உண்டு. செவிட்டு நாயை நோய் கொல்வதில்லை, ரோடு கொல்கிறது. சிமெண்ட் ஆலை இருக்கும் ஆலங்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு, நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்து ஊர்). ஒரு பக்கம் ராஜபாளையம், மறுபக்கம் வெம்பக்கோட்டை, சிவகாசி. லாரிகளும் பட்டாசு ஆலை வேன்களும் ஓடும் ரோட்டில் ஹாரன் கேட்காத நாய் எத்தனை நாள் தப்பும்? தூங்கும்போது யாராவது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். கடித்த நாயின் கதி ஊருக்குத் தெரியும்.

ஊர்ப் பெயரையே இனப் பெயராகக் கொண்ட இரண்டு நாய்கள் இந்த ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை: ராஜபாளையம், சிப்பிப்பாறை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் அதில் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் இரண்டு பெயரும் வந்தன, குட்டிக்குக் கிராக்கி ஏறியது. இருந்தும் இன்று இதே ஊர்களின் காம்பவுண்டுகளுக்குள் கிரேட் டேனும் ராட்வீலரும் லாப்ரடாரும் நிற்கின்றன. நாட்டு நாயோ சீமை நாயோ, ஆயுளைக் கரைப்பது பெரும்பாலும் நாம் மார்தட்டிக்கொள்ளும் குணம்தான். வெள்ளை ஒன்று. அடுத்தது அளவு.

யானை எலியைவிட நீண்ட நாள் வாழும். நாய்ச் சாதிக்குள் மட்டும் கணக்குத் தலைகீழ். பொமரேனியன் பதினான்கு வயதிலும் குரைத்துக்கொண்டிருக்கும், கிரேட் டேன் எட்டு ஒன்பதில் போய்விடும். 2013-இல் 74 இனங்களின் இறப்புப் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு, உடல் எடையில் கூடும் ஒவ்வொரு 2 கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு மாத ஆயுள் குறைகிறது என்றது. பெரிய நாய்க்கு முதுமை சீக்கிரம் தொடங்குவதில்லை. தொடங்கியபின் வேகமாக ஓடுகிறது. இதில் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன் ஒன்றுக்கும் பங்கிருக்கலாம் என்கிறார்கள். அந்த ஹார்மோனுக்கான மரபணுவின் ஒரு வடிவம்தான் சின்ன நாய்களைச் சின்னதாக வைத்திருக்கிறது என்று 2007-இல் கண்டார்கள்.

கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோ சொச்சம். ஒன்றரை வயதுக்குள் சுமார் நூறு மடங்கு. அந்த ஓட்டத்தில் எலும்பும் மூட்டும் சேர்ந்து வளர வேண்டும். வேகத்தை நாமும் ஏற்றிவிட்டால் இடுப்புக் கிண்ணத்தில் தொடை எலும்பின் தலை சரியாக உட்காராமல் குட்டி நொடித்துக்கொண்டே திரியும். இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவது, ஆனால் அதைக் கிளப்பிவிடுவது தட்டு. "ஆறு மாசத்துக் குட்டி, கன்னுக்குட்டி மாதிரி நிக்குது பாருங்க" என்று போட்டோ அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது, கால்சியம் டானிக் ஊற்றுகிறீர்களா என்றுதான். பெரும்பாலும் ஊற்றுவார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளுக்குக் கூடுதல் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது எலும்பு வலுக்கவில்லை, வளைந்தது. வளரும் குட்டியின் குடலுக்கு 'போதும்' என்று சொல்லத் தெரியாது. வந்ததை எல்லாம் உறிஞ்சும். பெரிய இனக் குட்டிக்கான தீவனம் வாங்கிப் போடுகிறீர்களா, டானிக்கைத் தூக்கி எறியுங்கள்.

எடை விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு லாப்ரடார்களிடம் நடந்தது. 48 குட்டிகள், ஒரே வயிற்றில் பிறந்தவை இரண்டிரண்டாக. ஜோடியில் ஒன்றுக்கு வழக்கமான சாப்பாடு, மற்றதற்கு அதில் கால் பங்கு குறைவு. பதினான்கு ஆண்டு பார்த்தார்கள். நன்றாகத் தின்றவற்றின் நடு ஆயுள் 11.2 ஆண்டு, குறைத்துத் தின்றவற்றுக்கு 13. மூட்டுவாதமும் தள்ளிப்போனது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு வாழ்வு, ஒரு பைசா மருந்துச் செலவு இல்லாமல். ஆனால் நம்மூரில் சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு தெரிந்தால் வீட்டுக்கு வந்தவர்கள் "சோறு போடலையா?" என்பார்கள். அந்த இனத்துக்கு அது தெரியத்தான் வேண்டும். மற்ற பெரிய நாய்களுக்கு, உள்ளங்கையை விலாவில் வைத்து அழுத்தாமல் நீவினால் எலும்பு ஒவ்வொன்றாக விரலில் பட வேண்டும்.

இதயம், எலும்புப் புற்று இரண்டையும் விரைந்து சொல்லிவிடுகிறேன். டாபர்மேனுக்கு இதயத் தசை தளர்ந்து அறை விரிந்துபோகும் நோய். ஐரோப்பாவில் சோதித்த டாபர்மேன்களில் பாதிக்கும் மேல் அதற்கு ஆளாயின. "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு சார்" என்ற வாக்கியத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான். மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை ஸ்கேனும் இ.சி.ஜி.யும் எடுப்பது நல்லது. எலும்புப் புற்று ராட்வீலர், கிரேட் டேனுக்கு அதிகம். முன்னங்காலில் தோள்பட்டைக்கு அருகே அல்லது மணிக்கட்டில், பின்னங்காலில் முழங்காலைச் சுற்றி. நடுத்தர வயதைத் தாண்டிய பெரிய நாய் நொண்டினால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள். வெயில் இன்னொன்று. நாய்க்கு வியர்த்துக் குளிராது, இரைத்துத்தான் ஆற வேண்டும். கரிசல் காட்டு மே மாதத்தில் செயின்ட் பெர்னார்டைக் கட்டிவைப்பது கொடுமை. 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று செயின்ட் பெர்னார்ட், சைபீரியன் ஹஸ்கி உள்ளிட்ட இனங்களை இங்கே பெருக்குவதற்குத் தடை போட்டது. தாமதம்தான், ஆனாலும் சரி.

மூன்றாவது பெருமை தட்டைக் காலி பண்ணும் வேகம். "ஒரே மூச்சுதான், தட்டை வழிச்சு நக்கிடும்." நெஞ்சு ஆழமாகவும் குறுகலாகவும் உள்ள நாய்களில் நான் அதிகம் பயப்படுவது இதைத்தான். கிரேட் டேன் முதலிடம். வேட்டைக்கென்று நெஞ்சு ஆழ்ந்த நம் ராஜபாளையமும் இந்த உடல்வாகுதான். வாயுவும் சோறும் நிறைந்த இரைப்பை உப்பி, தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்கிறது. மேலே ஏப்பம் விட வழியில்லை, கீழே குடலுக்கும் வழியில்லை. உப்பிய பை பெரிய ரத்தக் குழாய்களை அழுத்த, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. இரைப்பைச் சுவர் ரத்தம் இல்லாமல் கறுக்கிறது. எல்லாம் சில மணி நேரத்துக்குள்.

பெரும்பாலும் இரவு. எட்டரைக்கு ஒரு பெரிய தட்டுச் சோறும் கறியும். பத்தரைக்கு நாய் படுக்காமல் எழுந்தும் உட்கார்ந்தும் திரிகிறது, தன் வயிற்றையே திரும்பிப் பார்க்கிறது. ஓங்கரிக்கிறது, நுரையைத் தவிர எதுவும் வெளியே வருவதில்லை. எச்சில் கயிறாக ஒழுகுகிறது. விலாவுக்குப் பின்னால் விரலால் தட்டினால் தவில் மாதிரி சத்தம். ஈறு வெளுத்துப்போகிறது. வீட்டில் உப்புத் தண்ணீரோ ஓமத் தண்ணீரோ ஊற்றுகிறார்கள். அது வேறு கெடுதல். விடியும்போது வயிறு உப்பி விறைத்துக் கிடக்கும் நாயைப் பார்த்து, "எவனோ விஷம் வச்சுட்டான்" என்று பக்கத்து வீட்டோடு சண்டை. அந்தச் சண்டைகளில் எத்தனை, முறுக்கிய வயிற்றுக்காக நடந்தவை என்று யோசித்திருக்கிறேன்.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. கிரேட் டேன்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் வாழ்நாளில் இந்த ஆபத்தைச் சந்திக்கும் என்பது அவர்கள் கணிப்பு. பெற்றோருக்கோ கூடப்பிறந்ததற்கோ வந்திருந்தால் ஆபத்து கூடுதல். வேகமாகத் தின்றாலும் கூடுதல். நல்லது என்று நினைத்துப் பலர் ஸ்டாண்டில் உயர்த்தி வைக்கும் தட்டும் ஆபத்தைக் கூட்டியதாகவே கண்டார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். தட்டில் கைப்பிடியளவு பெரிய கூழாங்கல்லை வையுங்கள், விழுங்க முடியாத அளவு. கல்லைச் சுற்றித் தின்னும்போது வேகம் தானாகக் குறையும். தின்றதும் ஓட விடாதீர்கள்.

இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடும் அறுவை சிகிச்சையும் உண்டு. உப்பலாம், ஆனால் முறுக்காது. பெரிய இனப் பெட்டைக்குக் கருத்தடை செய்யும்போதே, அதே மயக்கத்தில், இதையும் செய்யச் சொல்லிக் கேட்கலாம். கொழுப்பில்லாத வேட்டை நாய் என்றால் மயக்க மருந்து சில உடம்பில் நீண்ட நேரம் தங்கும், மருத்துவரிடம் இனத்தைச் சொல்லிவிடுங்கள். இந்தப் பக்கத்தவர்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முறுக்கிய வயிற்றுக்கு அவ்வளவு தூரம் போக நேரம் இருக்குமா என்பது வேறு கேள்வி. அதனால் இரவில் அறுவை சிகிச்சை செய்யக்கூடியவர் பக்கத்தில் யார் என்று இன்றே விசாரித்து, எண்ணை போனில் பதிந்து வையுங்கள். கூப்பிடும்போது "நாய்க்கு வாந்தி" என்று சொல்லாதீர்கள்; காலையில் கூட்டிவரச் சொல்லிவிடுவார்கள். "ஓங்கரிக்குது டாக்டர், எதுவும் வெளிய வரல, வயிறு உப்பிக்கிட்டே போகுது" என்று சொல்லுங்கள். அவர் கிளினிக் சாவியைத் தேடத் தொடங்கிவிடுவார்.

(அடுத்த வாரம்: உண்ணிக் காய்ச்சல்)